‘ஹமா ஆலம்’ தகராறு: இந்தியர்கள் எழுதிய பாரசீகம் யாருடையது?

1828-இல் கல்கத்தாவில் நடந்த ஒரு முஷாயிராவில், அதாவது கவியரங்கில், கவிஞர் மிர்ஸா காலிப் தன் பாரசீக கஸல் ஒன்றைப் படித்தார். பென்ஷன் விவகாரமாக டெல்லியிலிருந்து வந்து தங்கியிருந்த நேரம் அது. பாட்டில் ‘ஹமா ஆலம்’ என்று ஒரு தொடர் வந்தது. ‘உலகம் முழுவதும்’ என்று பொருள். உடனே கூட்டத்தில் ஆட்சேபம் கிளம்பியது: ‘ஆலம்’ ஒருமைச் சொல், அதன் முன்னால் ‘ஹமா’ வராது, இலக்கண அறிஞர் கதீல் அப்படித்தான் விதி சொல்லியிருக்கிறார் என்றார்கள். காலிபுக்கு ஆட்சேபத்தைவிட அந்தப் பெயர்தான் அதிகம் சுட்டது. ஃபரீதாபாத்துக் கத்ரிச் சாதிக்காரர் ஒருவர் சொன்னதை நான் ஏன் பிரமாணமாகக் கொள்ள வேண்டும் என்று கேட்டார். ஹெராத் அரசின் தூதராக அங்கே வந்திருந்தவர், பழைய ஈரானியக் கவிகளின் அடிகளைச் சொல்லிக் காலிப் பக்கம் நின்றார். ஆனாலும் சண்டை அடங்கவில்லை. பிறகு ‘பாத்-இ-முகாலிஃப்’, அதாவது ‘எதிர்க்காற்று’, என்று ஒரு மஸ்னவி (ஈரடிகளாக நீளும் கவிதை) எழுதிச் சமாதானம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. அதிலும் பாதி மன்னிப்பு, பாதி குத்தல்.

கதீல் கத்ரி குடும்பத்தில் இந்துவாகப் பிறந்து இஸ்லாத்தைத் தழுவியவர். லக்னோவில் பாரசீக இலக்கணத்துக்கு அவர் வாக்கே வேதவாக்கு. அவரை ‘வெறும் இந்தியர்’ என்று தள்ளிய காலிபோ ஆக்ராவில் பிறந்தவர், ஈரானைக் கண்ணால் பார்க்காதவர். தனக்கு அப்துஸ்ஸமத் என்றொரு ஈரானிய உஸ்தாத் வீட்டிலேயே தங்கிப் பாடம் சொன்னதாகக் காலிப் சொல்லிக்கொள்வார். அப்படி ஒருவர் இருந்ததே இல்லை, ‘குரு இல்லாதவன்’ என்ற ஏச்சுக்குப் பதிலாக ஏற்படுத்திய ஆள் அவர் என்று பின்னாளில் ஆராய்ச்சியாளர்கள் வாதிட்டார்கள். ஆக, இந்தியாவில் பிறந்த இரண்டு தரப்பு, ‘நீ ஈரானி இல்லை’ என்று ஒன்றை ஒன்று பார்த்துச் சொல்லிக்கொண்ட சண்டை இது.

11-ஆம் நூற்றாண்டில் லாகூரில் பிறந்து சிறையிலிருந்து பாடிய மஸ்ஊத் ஸஅத் ஸல்மான் தொடங்கி, 1932-இல் ‘ஜாவீத் நாமா’வை வெளியிட்ட இக்பால் வரை ஏறக்குறைய ஒன்பது நூற்றாண்டுகள் இந்தியர்கள் பாரசீகத்தில் எழுதியிருக்கிறார்கள். இந்த நெடுங்கதையை ‘முகலாயர் காலத்து அரசவை மொழி’ என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவது நம் பாடப்புத்தகங்களின் வழக்கம். அரசவை மட்டுமே என்றால் ஒரு பெயரடைக்காக இவ்வளவு ரத்தக்கொதிப்பு எதற்கு? இது வீட்டில் பேசிய மொழி அல்ல. படித்துச் சம்பாதித்த மொழி. சம்பாதித்த சொத்துக்குத்தான் பத்திரம் கேட்பார்கள்.

பாடம் எப்படி நடந்தது

மக்தபில், அதாவது தொடக்கப் பள்ளியில், பிள்ளைக்கு முதலில் கைக்கு வருவது ‘கரீமா’. ஈரானியக் கவிஞர் ஸஅதியின் பெயரில் வழங்கும் சிறு நீதிநூல். ‘ஆத்திசூடி’ போலவே முதற்சொல்லே நூலின் பெயராகிவிட்டது. அடுத்தது ‘ஆமத்நாமா’; இதற்கும் முதற்சொல்தான் பெயர், ‘ஆமத்’ என்றால் ‘வந்தான்’. இது வினைச்சொல் வாய்பாடு. பாரசீக வினைக்கு இரண்டு அடிகள் உண்டு, ஒன்று இறந்தகாலத்துக்கு, மற்றொன்று நிகழ்காலத்துக்கு. ‘பார்த்தான்’ என்பது ‘தீத்’, ‘பார்க்கிறான்’ என்பது ‘மீ பீனத்’. இரண்டுக்கும் காதில் விழும் உறவு எதுவும் இல்லை. இது விதியால் வராது, ஒப்பித்துத்தான் வர வேண்டும். ஈரானியக் குழந்தை தாய்மடியில் வாங்கிக்கொள்வதை இந்தியப் பிள்ளை பிரம்படியில் வாங்கிக்கொண்டது.

சொல்வளத்துக்கு, நம் நிகண்டு போலச் செய்யுளில் கோத்த சொற்பட்டியல். ‘காலிக் பாரி’ அவற்றில் பேர்பெற்றது. அமீர் குஸ்ரோ எழுதியது என்று ஊரெல்லாம் சொல்லும், அதை நம்பாத அறிஞர்கள் உண்டு. இதைத் தாண்டிய பின் ஸஅதியின் ‘குலிஸ்தான்’, ‘போஸ்தான்’, ஜாமியின் ‘யூசுஃப் ஸுலைகா’, நிஸாமியின் ‘சிகந்தர்நாமா’. உத்தியோகத்துக்குப் போகிறவன் மேலும் மூன்று கற்க வேண்டும். ஒன்று இன்ஷா, அதாவது கடிதக் கலை: யாருக்கு எழுதினால் எந்த விளி, பட்டம் எத்தனை வரி நீள வேண்டும் என்ற கணக்கு. இரண்டாவது ஷிகஸ்தா: எழுத்துகளை உடைத்தும் இணைத்தும் விரைந்து எழுதும் அலுவலகக் கையெழுத்து. மூன்றாவது ஸியாக்: எண்ணுக்குரிய அரபுச் சொல்லையே சுருக்கிக் குறியாக்கி எழுதும் கணக்கு முறை.

1582-இல் அக்பரின் ஆட்சியில், தோடர்மால் வருவாய்த்துறையைக் கையில் வைத்திருந்த காலத்தில், எல்லா மட்டத்து நிர்வாகத்துக்கும் பாரசீகமே மொழி என்று ஆனது. அதுவரை கீழ்மட்டத்தில் ஹிந்தவியில் (அக்கால ஹிந்தியில்) கணக்கு எழுதிவந்த காயஸ்தர்களும் கத்ரிகளும் மொழியை மாற்றிக்கொண்டார்கள். இரண்டு தலைமுறைக்குள் அவர்கள் வீட்டிலிருந்து கவிஞர்களும் அகராதிக்காரர்களும் வரத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டுத் தாலுகா அலுவலகத்தில் இன்றும் ஜமாபந்தி நடக்கிறது. ஜூலை 1-இல் தொடங்கும் பசலி ஆண்டை எழுதுகிறோம். ஆங்கில ஆண்டிலிருந்து 590-ஐக் கழித்தால் வருவது அது. எல்லாம் அந்தக் கணக்குப்பிள்ளைகள் புழங்கிய சரக்கு.

ஷாஜகானின் முன்ஷியாக, அதாவது கடிதங்கள் எழுதும் அலுவலராக, இருந்த சந்தர்பான் பிராமண் தன் மகன் தேஜ்பானுக்கு எழுதிய கடிதத்தில் இந்தப் பாடத்திட்டம் ஏறக்குறைய முழுதாக இருக்கிறது. குலிஸ்தானும் போஸ்தானும் ஜாமியின் கடிதங்களும் முதலில், பிறகு அறநூல்கள், வரலாறுகள், அதன்பின் கவிஞர்களின் நீண்ட பட்டியல். கூடவே ஒரு தகப்பன் யோசனையும் உண்டு: நன்றாக எழுதத் தெரிந்தவனுக்குக் கணக்குத் தெரியாது, கணக்குத் தெரிந்தவனுக்கு எழுத வராது, இரண்டும் தெரிந்தவன் அபூர்வம் என்கிறார். மகனுக்குச் சொல்லும் சாக்கில் மனிதர் தன்னையும் கொஞ்சம் மெச்சிக்கொள்கிறார் என்றே படுகிறது.

இப்படிப் படித்ததில் ஒரு சிக்கலும் இருந்தது. பாடம் புத்தகத்தில் நின்றது, ஈரானியர் வாய் நகர்ந்துவிட்டது. பழைய பாரசீகத்தில் ஏகார ஓகார உயிர்கள் தனியாக இருந்தன. ஈரானில் அவை காலப்போக்கில் ஈகார ஊகாரத்தில் கரைந்தன. இந்தியாவில் கரையவில்லை. இங்கே ‘ஷேர்’ என்றால் சிங்கம், ‘ஷீர்’ என்றால் பால். ஈரானியர் வாயில் இரண்டும் ‘ஷீர்’தான். எழுத்திலும் இரண்டும் ஒன்றே. 18-ஆம் நூற்றாண்டில் ஈரானிலிருந்து வந்து இறங்கியவருக்கு இந்தியன் பேசியது பட்டிக்காட்டு உச்சரிப்பாகத் தோன்றியது. உண்மையில் அது ஸஅதி, நிஸாமி காலத்துக்கு நெருக்கமானது.

ஒரு பாட்டைப் பிரித்துப் பார்ப்போம்

கனீ காஷ்மீரி 1669-இல் இறந்தவர். அவருடைய புகழ்பெற்ற ஈரடி இது:

கனீ ரூஸே சியாஹே பீரி கன்ஆன் ரா தமாஷா குன்
கி நூரே தீதஅஷ் ரௌஷன் குனத் சஷ்மே ஸுலைகா ரா

‘கனீ, கன்ஆன் நாட்டுக் கிழவரின் கருநாளைப் பார்! அவர் கண்ணின் ஒளி போய் ஸுலைகாவின் கண்ணுக்கு வெளிச்சம் தருகிறது.’ கிழவர் யஅகூப் நபி. மகன் யூசுஃபைப் பிரிந்து அழுது பார்வை இழந்தவர். மகன் எகிப்தில் ஸுலைகாவின் வீட்டில் இருக்கிறான். தமிழில் பிள்ளையைக் ‘கண்மணி’ என்பது போலப் பாரசீகத்தில் ‘கண்ணொளி’ என்பார்கள். ‘கண் ஒளிர்தல்’ என்பது மகிழ்ச்சியைக் குறிக்கும் மரபுத்தொடர். வாயில் தேய்ந்துபோன இந்த இரண்டு தொடர்களையும் கனீ சொல்லுக்குச் சொல் நேராக எடுத்துக்கொள்கிறார். கிழவர் கண்ணிலிருந்த ஒளி உண்மையாகவே இடம் மாறிவிட்டது, அதனால்தான் அவர் குருடானார்! ஈரானில் யாரும் கண்டுகொள்ளாமல் புழங்கும் ஒரு மரபுத்தொடரைப் புத்தகத்தில் படித்துக் கற்றவன், அதன் பழைய பொருளையும் கூடவே பார்க்கிறான். இந்தியப் பாணியின் வேர் இங்கேதான் என்பது என் கணிப்பு.

யாப்பையும் பாருங்கள். ‘கனீ ரூஸே / சியாஹே பீ / ரி கன்ஆன் ரா / தமாஷா குன்.’ அலகிட்டால் நிரை-நேர்-நேர் நான்கு முறை, அத்தனையும் புளிமாங்காய். அடுத்த அடியும் அப்படியே. பாரசீக வாய்பாட்டில் இந்தச் சீருக்கு ‘மஃபாஈலுன்’ என்று பெயர், பஹ்ருக்கு, அதாவது யாப்பு வகைக்கு, ‘ஹஸஜ்’ என்று பெயர். ஆனால் அவர்கள் கணக்கு நம் சீரமைப்பைவிடக் கறார், சந்தவிருத்தத்துக்குப் பக்கத்தில் வரும். ‘யார்’ (நண்பன்) என்ற சொல் தமிழில் ஒரே நேரசை. அங்கே நெடில் ஒன்று, குறில் ஒன்று என இரண்டாக எண்ண வேண்டும். நெடிலுக்குப் பின் ‘ன்’ வந்தால் மட்டும் விலக்கு, ‘கன்ஆன்’ என்பதில் கடைசி ஒற்று கணக்கில் சேராமல் நிற்பதைக் காணலாம். இரண்டு பெயர்களை ஒட்டும் இஸாஃபத் உயிரைத் தேவைப்படி நீட்டலாம், குறுக்கலாம். ‘ரூஸே’ நீண்டது, ‘பீரி’ குறுகியது. கையெழுத்துச் சுவடியில் இந்த உயிரைப் பெரும்பாலும் எழுதவே மாட்டார்கள். ஆகவே பழைய சுவடியைப் படிக்கிறவருக்கு யாப்புதான் ஊன்றுகோல்: சீர் தட்டினால் எங்கோ இஸாஃபத்தை விட்டுவிட்டோம் அல்லது ஒரு புள்ளியைத் தப்பாகப் படித்துவிட்டோம் என்று அறிந்துகொள்ளலாம்.

முதல் அடியில் ஒரு கருத்து, இரண்டாம் அடியில் அதற்கு நிரூபணமாக ஓர் உலகியல் காட்சி, நடுவில் ‘போல’ கிடையாது. இதுவும் இந்தப் பாணியின் விருப்பமான கட்டு. நம் எடுத்துக்காட்டு உவமையணியேதான். நன்றாக அமைந்தால் குறள் போல நச்சென்று நிற்கும். அமையாவிட்டால் விடுகதை. இந்திய திவான்களை (கவிதைத் தொகுப்புகளை) தொடர்ந்து நூறு பக்கம் படித்தவர்களுக்கு விடுகதைகளும் ஏராளம் என்பது தெரியும்.

சந்தர்பானின் பேர்பெற்ற அடி வேறு ரகம். ‘என் நெஞ்சுக்குக் குஃப்ரோடு (இஸ்லாத்தை ஏற்காமையோடு) அவ்வளவு பழக்கம். எத்தனையோ முறை கஅபாவுக்குக் கொண்டுபோனேன், பிராமணனாகவே திரும்பக் கொண்டுவந்தேன்.’ ‘பிராமண்’ சாதியும் ஆகும், அவருடைய புனைபெயரும் ஆகும். இதைக் கேட்டு ஷாஜகான் கொதித்ததாகவும், ‘ஈசாவின் கழுதை மக்கா போனாலும் திரும்பும்போது கழுதைதான்’ என்ற ஸஅதியின் அடியைச் சொல்லி ஓர் அமைச்சர் சூட்டைத் தணித்ததாகவும் ஒரு கதை சுற்றுகிறது. பின்னால் வந்த தஸ்கிராக்கள், அதாவது கவிஞர் வரலாற்றுத் தொகுப்புகள், பரப்பிய கதை அது. ஆதாரம் பலவீனம். அந்தக் காலப் பாரசீகக் கவிதையில் ‘குஃப்ர்’, ‘பிராமணன்’, ‘பூணூல்’ எல்லாம் காதலுக்கும் பக்திக்கும் வழக்கமான சொற்கள். அவற்றைச் சொன்னதற்காக எந்த அரசவையும் பதறியிருக்காது.

எழுத்துக்கு எண் மதிப்புக் கொடுத்து ஆண்டைப் பாட்டில் ஒளிக்கும் ‘தாரீக்’ கலையும் இங்கே செழித்தது. ஹுமாயூன் படியில் இடறி விழுந்து இறந்தபோது கவிஞர் காசிம் காஹீ சொன்னது: ‘ஹுமாயூன் பாத்ஷாஹ் அஸ் பாம் உஃப்தாத்.’ ‘ஹுமாயூன் பாதுஷா மாடியிலிருந்து விழுந்தார்.’ ஹுமாயூன் 112, பாத்ஷாஹ் 313, அஸ் 8, பாம் 43, உஃப்தாத் 486; கூட்டினால் 962. ‘பாத்ஷாஹ்’ தொடங்கும் ‘ப’ (p) ஒலிக்கு அரபு வரிசையில் தனி எழுத்து இல்லாததால் அதன் இனமான b எழுத்தின் மதிப்பு 2-ஐயே கொடுக்க வேண்டும். அந்த இடத்தில்தான் புதிதாகக் கணக்கிடுகிறவர்கள் தடுமாறுவார்கள். சரியாகக் கூட்டினாலும் இன்னொரு வம்பு மிச்சம்: அவர் இறந்தது 1556 ஜனவரி, ஹிஜ்ரி 963. பாட்டு ஒன்று குறைகிறது. வாக்கியம் அவ்வளவு கச்சிதமாக அமைந்துவிட்டதால் ஒன்றுக்காக யாரும் அதைக் கைவிடவில்லை. கல்வெட்டில் இப்படிப்பட்ட வரியைப் பார்த்து ஆண்டைக் குறிக்கிறவர்கள் வேறொரு சான்றோடு ஒப்பிடாமல் எழுதக்கூடாது.

ஆர்ஸு சொன்ன பதில்

அக்பர் முதல் ஷாஜகான் வரை ஈரானிலிருந்து கவிஞர்கள் வரிசையாக வந்தார்கள். உர்ஃபி, நஸீரி, தாலிப் ஆமுலி, கலீம், சில ஆண்டுகள் தங்கிப் போன ஸாயிப். அப்போது இந்தியன், ஈரானி என்ற பேதம் பெரிதாக இல்லை, எல்லோரும் ஒரே புதுப்பாணியில்தான் எழுதினார்கள். சண்டை முற்றியது 18-ஆம் நூற்றாண்டில். 1734-இல் அடைக்கலம் தேடி வந்த ஈரானியக் கவிஞர் ஹஸீன் லாஹிஜி, இந்தியாவின் மண், வெயில், மனிதர், பாரசீகம் என்று ஒன்றுவிடாமல் திட்டினார். திட்டிக்கொண்டே முப்பது ஆண்டுக்கும் மேல் இங்கேயே இருந்து காசியில் இறந்தார்.

அவருக்குப் பதில் கொடுத்தவர் இந்திய அறிஞர் சிராஜுத்தீன் அலி கான் ஆர்ஸு. ‘தன்பீஹுல் காஃபிலீன்’ என்ற நூலில் ஹஸீனின் பாட்டுகளை எடுத்து எங்கே சொல் இடறுகிறது, எங்கே உவமை பொருந்தவில்லை என்று குறித்தார். அந்தப் பொறாமைச் சண்டையைவிட முக்கியமானது ஆர்ஸு அடியில் வைத்த வாதம். மொழியில் அதிகாரம் பிறப்பால் வராது, பயிற்சியால் வரும். ஈரானில் பிறந்த பாமரனின் பேச்சு பிரமாணம் ஆகாது என்றால், பெரும்புலவர்களை ஆழப் படித்த இந்தியனின் எழுத்து ஏன் ஆகக்கூடாது? அரபுச் சொல்லும் துருக்கிச் சொல்லும் பாரசீகத்தில் நுழையலாம் என்றால் ஹிந்திச் சொல் மட்டும் ஏன் தீட்டு? சமஸ்கிருதமும் பாரசீகமும் பல சொற்களில் ஒத்துப்போவதை அவர் ‘தவாஃபுக்’ என்று பெயரிட்டுப் பேசினார். வில்லியம் ஜோன்ஸ் 1786-இல் கல்கத்தாவில் சமஸ்கிருதத்துக்கும் கிரேக்க, லத்தீன் மொழிகளுக்கும் உள்ள உறவு பற்றித் தன் பேருரையை ஆற்றும்போது ஆர்ஸு இறந்து முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஒரு பயன்பாடு சரியா என்று சண்டை வந்தால் ‘ஸனத்’ காட்ட வேண்டும் என்பது விதி. நம் உரையாசிரியர்கள் சான்றோர் செய்யுளை மேற்கோள் காட்டுவது போல, ஒப்புக்கொண்ட ஒரு புலவரின் அடியை எடுத்து வைக்க வேண்டும். தாய்மொழிக்காரன் ‘எங்கள் ஊரில் இப்படித்தான்’ என்று சொல்லித் தப்பலாம். இந்தியனுக்கு ஸனத் மட்டுமே கதி. அதனால்தான் பாரசீகத்தின் பெரிய அகராதிகள் பல இந்தியாவில் பிறந்தன. 1608-இன் ‘ஃபர்ஹங்-இ-ஜஹாங்கீரி’யும், 1652-இல் கோல்கொண்டாவில் எழுதிய ‘புர்ஹான்-இ-காத்திஉ’வும் தொடக்கத்தில் நிற்கின்றன. பிறகு ஆர்ஸு காலத்தவர்கள். ஆனந்த் ராம் முக்லிஸின் ‘மிர்ஆதுல் இஸ்திலாஹ்’, டேக் சந்த் பஹாரின் ‘பஹார்-இ-அஜம்’, சியால்கோட்டி மல் வாரஸ்தாவின் மரபுத்தொடர் அகராதி. மூவரும் இந்துக்கள். பஹார்-இ-அஜமைத் திறந்தால் ஒவ்வொரு தொடருக்கும் கீழே கவிதை அடிகள் அடுக்கடுக்காக நிற்கும். அது வழக்காடப் போகிறவன் கட்டிய ஆவணக் கட்டு.

ஈரானில் காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் இஸ்ஃபஹானில் சிலர் ‘பழைய புலவர்களிடம் திரும்புவோம்’ என்று கிளம்பினார்கள். புதுப்பாணி முழுவதும் குப்பை என்றானது. 20-ஆம் நூற்றாண்டில் ஈரானிய அறிஞர் மலிக்குஷ் ஷுஅரா பஹார் போன்றோர் கையில் அதற்கு ‘ஸப்க்-இ-ஹிந்தி’, அதாவது ‘இந்திய நடை’ என்ற பெயர் நிலைத்தது. பெயரே ஒரு தீர்ப்பு: கெட்டுப்போனதை இந்தியாவின் தலையில் கட்டியாயிற்று. பாட்னாவில் வளர்ந்து 1720-இல் டெல்லியில் இறந்த கவிஞர் பேதிலைக் காபூலிலும் தாஜிக் நாட்டிலும் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து படித்த காலத்தில், ஈரானியப் பாடநூல்களில் அவருக்கு இடம் இல்லை. அங்கே அவர் மதிக்கப்பட்டது கடந்த நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான்.

வடமொழியும் தென்திசையும்

மொழிபெயர்ப்பு தனிக் கட்டுரைக்கு உரியது, இங்கே ஒரு நுணுக்கம் மட்டும். அக்பர் காலத்து மகாபாரதம் ‘ரஸ்ம்நாமா’ இரண்டு கை மாறிய வேலை: பண்டிதர்கள் ஹிந்தவியில் பொருள் சொல்ல, நகீப் கானும் பதாயூனியும் பிறரும் பாரசீகத்தில் எழுதினார்கள். குற்றெழுத்தைக் காட்டாத லிபி என்பதால் பெயர்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. 1657-இல் ஷாஜகானின் மகன் தாரா ஷுகோ ஐம்பது உபநிடதங்களைப் பெயர்த்தபோது, ‘ஷ’வைக் ‘க’ போலச் சொல்லும் வடநாட்டு வழக்கு அப்படியே ஏட்டில் ஏறியது. அதைப் பார்த்துப் பிரெஞ்சு அறிஞர் அங்கெத்தில் துப்பெரோன் 1801-02-இல் லத்தீனில் பெயர்த்ததால் நூலின் பெயரே ‘ஔப்னெகட்’ ஆகிவிட்டது. ஜெர்மன் தத்துவவாதி ஷோப்பன்ஹவர் போற்றிப் படித்தது அந்தப் புத்தகத்தைத்தான்.

தமிழும் இந்த ஏடுகளில் வருகிறது. அமீர் குஸ்ரோ 1318-இல் முடித்த ‘நுஹ் ஸிபிஹ்ர்’ நூலில் இந்தியாவின் மொழிகளைப் பட்டியலிடும்போது ‘மஅபரி’ என்று ஒன்றைச் சொல்கிறார். மஅபர் என்பது பாண்டி நாட்டுக் கரை, அந்த மொழி தமிழ். அதே நூலில் இந்தியா உயர்ந்தது என்பதற்கு அவர் அடுக்கும் காரணங்களில் ஒன்று: இந்தியர் எந்த நாட்டு மொழியையும் கற்றுச் சரளமாகப் பேசுவார்கள், வெளியாருக்கு நம் மொழி வராது. பிற்காலச் சண்டைக்கு முன்கூட்டியே எழுதி வைத்த பதில் போலிருக்கிறது.

ஆற்காட்டு நவாப் சஆதத்துல்லா கானின் முன்ஷி ஜஸ்வந்த் ராய் எழுதிய ‘சயீத்நாமா’வில் 1714-இன் செஞ்சிப் போர் வருகிறது. நம் கதைப்பாடலில் வீரனாக நிற்கும் தேசிங்கு ராஜன், அங்கே நவாப் தரப்பிலிருந்து பார்க்கப்படுகிறான். இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். கடைசி நவாப் முகம்மது கௌஸ் கான் ‘ஆஸம்’ என்ற புனைபெயரில் பாடியவர், கர்நாடகப் பகுதிப் பாரசீகக் கவிஞர்களுக்குத் தஸ்கிராவும் தொகுத்தவர். இந்த வட்டத்து வரலாற்று நூல்களில் ஒன்றான ‘துஸுக்-இ-வாலாஜாஹி’யை முகம்மது ஹுசைன் நயினார் ஆங்கிலத்தில் பெயர்க்க, சென்னைப் பல்கலைக்கழகம் 1934-இல் வெளியிட்டது.

1837-இல் கம்பெனி ஆட்சி நீதிமன்றங்களிலிருந்து பாரசீகத்தை எடுத்தது. முன்ஷி வேலை போனது, மக்தபின் பாடத்திட்டம் மெல்ல வற்றியது. எழுதியவர்கள் நிறுத்தவில்லை. காலிப் பாரசீகத்தில் எழுதியது உருதுவில் எழுதியதைவிடப் பல மடங்கு. வண்ணம் வேண்டுமானால் என் பாரசீகத்தைப் பார், உருதுத் தொகுப்பு வெளிறியது என்று அவரே பாடியிருக்கிறார். 1862-இல் கோல்கொண்டா அகராதியின் தவறுகளைக் குத்திக் காட்டி ‘காத்திஉ-இ-புர்ஹான்’ என்று ஒரு நூல் போட்டார். மறுப்புகள் மழையாகப் பொழிந்தன. கடைசியில் அவதூறு வழக்குப் போடும் அளவுக்குப் போனார். தர்பாரும் போய், பாதுஷாவும் போய், பாரசீகத்தால் ஒருவருக்கும் ஒரு ரூபாய் வருமானம் இல்லாத நாளில் நடந்த சண்டை அது.

பிறகு 1888-இல் விசாகப்பட்டினம் பக்கத்து விஜயநகரம் சமஸ்தானத்தில், அரண்மனை முன்ஷி முகம்மது பாத்ஷாஹ் ஒரு பேரகராதியை முடித்தார். தன் எஜமானர் ஆனந்த கஜபதி ராஜுவின் பெயரால் அதை ‘ஃபர்ஹங்-இ-ஆனந்த்ராஜ்’ என்று அழைத்தார். லக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் வெளியிட்டது. 1950-களில் தெஹ்ரானில் அதை மறுபதிப்புச் செய்தார்கள். ஈரானின் மாபெரும் அகராதியான தெஹ்கோதாவைத் திறந்து ஏதாவது அரிய சொல்லைத் தேடுங்கள். பொருளுக்குப் பக்கத்தில், ஸனத் இருக்க வேண்டிய இடத்தில், அடைப்புக்குறிக்குள் அடிக்கடி ஒரு பெயர் நிற்கும்: ஆனந்த்ராஜ்.